மைக் மோகனின் குரல் யாருடையது?

"சினிமா, டிவி, பாட்டு எதிலாவது திரைக்குப் பின்னால் நடந்த, சட்டென்று நம்ப முடியாத சங்கதி ஏதாவது சொல்லுங்களேன்" என்பது கேள்வி. இதைக் கேட்டால் ஆளுக்கு நூறு சொல்வார்கள். அதில் பாதிக்கு மேல் டீக்கடைக் கதையாக இருக்கும். அதனால் எனக்குக் கொஞ்சம் பழக்கமான ஒரே ஒரு மூலையில் நின்றுகொள்கிறேன்: சத்தம். சாலிகிராமத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் சில வருடம் எடுபிடியாக இருந்தவன் நான். படம் பார்க்கும்போது கண்ணை விட்டுவிட்டுக் காதைக் கவனிக்கிற கெட்ட பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது.

மைக் மோகனில் இருந்தே தொடங்கலாம். 'பயணங்கள் முடிவதில்லை' (1982), 'உதய கீதம்' (1985), 'இதய கோவில்' (1985) என்று கையில் மைக்கோடு மேடையில் நின்று பாடிப் பாடியே அந்தப் பட்டப்பெயரை வாங்கினார் மோகன். அவர் பாடிய பாட்டில் பெரும்பாலானவை எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியவை என்பது ஊரறிந்த விஷயம். பலருக்குத் தெரியாதது, அவர் பேசிய வசனமும் அவருடையதில்லை என்பது. அந்தக் காலத்து மோகன் படங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குரல் கொடுத்தவர் எஸ்.என்.சுரேந்தர். பாடகர், நடிகர் விஜய்யின் தாய்மாமா. 'மௌன ராகம்' படத்தில் ரேவதியிடம் மோகன் பொறுமையாகப் பேசுகிற அந்த அடங்கிய குரல் இருக்கிறதே, அதுவும் சுரேந்தர்தான். ஆக, தமிழ் சினிமாவில் மைக்கைப் பெயரிலேயே வைத்திருந்த ஒரே கதாநாயகனின் குரலை நாம் அவர் உச்சத்தில் இருந்தபோது கேட்டதே அபூர்வம்.

இது ஏதோ ஒருத்தர் விஷயம் என்று நினைக்க வேண்டாம். 'புதிய வார்ப்புகள்' (1979) படத்தில் பாக்யராஜுக்குப் பேசியவர் கங்கை அமரன். அஜித் கதாநாயகனாக நடித்த முதல் தமிழ்ப் படமான 'அமராவதி'யில் (1993) அஜித்துக்குப் பேசியவர் விக்ரம். ஆமாம், நம்ம விக்ரம்தான். 'காதலன்' (1994) படத்தில் பிரபுதேவாவுக்கும், 'காதல் தேசம்' (1996) படத்தில் அப்பாஸுக்கும் அவரே. வாய்ப்புக்காகக் காத்திருந்த வருடங்களில் டப்பிங் தியேட்டரில் மற்றவர்களின் காதலை எல்லாம் அவர் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது எந்தப் படம்? 'பிதாமகன்' (2003). கிட்டத்தட்ட வசனமே இல்லாத பாத்திரம். இதைக் கதையாக எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

'காதலன்' படத்தையே எடுத்துக்கொண்டால், 'ஊர்வசி' பாட்டில் ஆடுவது பிரபுதேவா. பாடுவது ஏ.ஆர்.ரஹ்மான், சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது மூவரும் சேர்ந்து. பாட்டு முடிந்து வசனம் வந்தால் விக்ரம். ஒரு உடம்புக்கு நாலு தொண்டை. ஷாகுல் ஹமீது என்ற பெயரை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருவார்.

ஏன் இப்படி? தமிழ் தெரியாத நடிகைகள் ஒரு காரணம். சிம்ரன், ஜோதிகா இருவருக்கும் பல படங்களில் பேசிய சவிதா ரெட்டி, '96' (2018) படத்தில் த்ரிஷாவுக்குப் பேசிய சின்மயி எல்லாம் அந்த வழியில் நமக்குப் பழகிய குரல்கள். (த்ரிஷாவுக்குத் தமிழ் தெரியும், சென்னைப் பெண். அங்கே காரணம் மொழி இல்லை, குரலின் சுபாவம்.) ஆனால் அடிப்படைக் காரணம் ரொம்பச் சாதாரணமானது: கேமரா. பல காலம் இங்கே ஓடியது ஆரிஃப்ளெக்ஸ் 2சி போன்ற கேமராக்கள். எடை குறைவு, உழைப்புக்கு அஞ்சாது, ஆனால் ஓடும்போது தையல் மிஷின் மாதிரி கடகடக்கும். அதை வைத்துக்கொண்டு படப்பிடிப்பிலேயே வசனத்தைச் சுத்தமாகப் பதிவு செய்ய முடியாது. எப்படியும் பிறகு டப்பிங்தான் என்று ஆனபின், ஷாட் நடக்கும்போதே உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக் கொடுக்கலாம், இயக்குநர் "திரும்பு, பாரு, அழு" என்று கத்தலாம், வேடிக்கை பார்க்கிற கூட்டம் விசிலடிக்கலாம். ஒன்றும் கெடாது. இயந்திரத்தின் குறை ஒரு தொழில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

பாட்டுக்கு வருவோம். பேசும்படம் வந்த புதிதில் நடிகரே கேமரா முன்னால் பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் ஃபிரேமுக்கு வெளியே, மரத்துக்குப் பின்னாலோ தட்டிக்குப் பின்னாலோ உட்கார்ந்து வாசிப்பார்கள். அதனால்தான் அன்றைக்கு நடிக்கத் தெரிந்தவரைவிடப் பாடத் தெரிந்தவருக்கு மவுசு. 1938-இல் ஏவி.மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில்தான் லலிதா வெங்கட்ராமன் திரைக்குப் பின்னால் இருந்து பாட, தமிழில் பின்னணிப் பாடல் தொடங்கியது. அதே மெய்யப்பன் 1945-இல் 'ஸ்ரீவள்ளி' எடுத்தார். படம் எடுத்து முடித்த பிறகு, கதாநாயகி ருக்மணி பாடியது அவருக்குத் திருப்தியாக இல்லை. பி.ஏ.பெரியநாயகியை வரவழைத்துப் பாடவைத்து, அந்தக் குரலை ஏற்கெனவே எடுத்த படத்தின் மேல் பொருத்தினார்கள். வழக்கமாகப் பாட்டுக்கு வாய் அசைப்பார்கள். இங்கே வாய் அசைவுக்குப் பாட்டு. இன்று கணினியில் ஒரு வரியை இழுத்துச் சுருக்கிப் பொருத்துவதே தலைவலி. ஒலியும் ஃபிலிமில் பதிவான காலத்தில் அதைச் செய்தவர்களுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்கும் என்று அந்த வேலையைக் கிட்டத்தில் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

பின்னணிப் பாட்டு வழக்கமான பிறகு படப்பிடிப்புத் தளத்தில் ஒரு புதுச் சத்தம் சேர்ந்தது: "நாகரா!" நாகரா என்பது சுவிட்சர்லாந்தில் செய்த டேப் ரெக்கார்டரின் பெயர். பாட்டை அதில் ஓடவிட்டுத்தான் வாயசைக்க வைப்பார்கள். அதனால் அதை இயக்குகிறவரும் நாகரா, பாட்டைப் போடு என்பதற்கும் நாகரா. இதில் நான் முதல் தடவை கேட்டு வாய் பிளந்த விஷயம் ஒன்று உண்டு. பாட்டுக் காட்சியில் கதாநாயகியின் புடவைத் தலைப்பும் கூந்தலும் ஸ்லோமோஷனில் மிதக்கும், ஆனால் உதடு மட்டும் பாட்டுக்குச் சரியாக அசையும். பார்த்திருப்பீர்கள். எப்படி?

கேமராவை நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 48-இல் ஓட்டுவார்கள். தியேட்டரில் 24-இல் ஓடும்போது எல்லாமே பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். அப்படியானால் உதடும் பாதி வேகத்துக்கு இறங்கும் அல்லவா? அதை ஈடுகட்டத் தளத்தில் பாட்டை இரட்டை வேகத்தில் போடுவார்கள். டேப்பை இரட்டை வேகத்தில் ஓட்டினால் ஜேசுதாஸ் குரலும் கீச்சு கீச்சென்று எலிக்குஞ்சு மாதிரிதான் வரும். அந்தக் கீச்சுக்குரலுக்கு, தடதடவென்று வாயசைத்துக்கொண்டு, முகத்தில் மட்டும் உருக்கமான காதலைக் காட்ட வேண்டும். திரையில் நம்மை உருகவைக்கிற பல காட்சிகள், எடுத்த இடத்தில் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

இதற்கு அண்ணன் ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. கோல்ட்ப்ளே குழுவின் 'தி சயின்டிஸ்ட்' (2002) பாட்டு வீடியோவில் எல்லாம் பின்னோக்கி நகரும், பாடகர் கிறிஸ் மார்ட்டின் மட்டும் பாட்டைச் சரியாகப் பாடிக்கொண்டே வருவார். அதற்காக அவர் முழுப் பாட்டையும் தலைகீழாகப் பாடக் கற்றுக்கொண்டார், அதற்கு ஒரு மாதம் பிடித்தது.

சரி, வாத்தியங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் சிவாஜியின் கன்னம் உப்புவதையும் விரல் ஓடுவதையும் பார்த்துவிட்டு, அவருக்கு நாகஸ்வரம் தெரியும் என்று சத்தியம் செய்த பெரியவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆறு வருடம் முன்னால் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் 'சிங்கார வேலனே தேவா' பாட்டில் ஜெமினி கணேசன் பிடித்திருந்த நாகஸ்வரம் காருக்குறிச்சி அருணாசலத்துடையது, சாவித்திரியின் வாயில் இருந்து வந்தது எஸ்.ஜானகியின் குரல். குரலும் நாகஸ்வரமும் துரத்திப் பிடிக்கிற அந்த இடம் இன்றைக்கும் சிலிர்க்கவைக்கிறது, திரையில் தெரிகிற இருவருக்கும் அந்தச் சத்தத்தில் பங்கே இல்லை என்று தெரிந்த பிறகும்.

அப்படியானால் பாடுகிறவரே நடித்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? 'கேளடி கண்மணி' (1990) படத்தில் எஸ்பிபியே கதாநாயகன், 'மண்ணில் இந்தக் காதலின்றி' அவர் பாடி அவரே வாயசைத்தது. மூச்சு விடாமல் பாடியது என்று முப்பது வருடமாகப் பேசப்படுகிற பாட்டு. அது பதிவில் சேர்த்து அமைத்த வித்தை என்பதை எஸ்பிபியே சொல்லியிருக்கிறார். முகமும் அவருடையது, குரலும் அவருடையது, அந்த நீண்ட ஒற்றை மூச்சு மட்டும் ஒலிப்பதிவுக் கூடத்துடையது! இதைச் சொன்னால் ரசிகர்கள் சிலர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். சேர்த்த இடம் தெரியாத அளவுக்கு ஒவ்வொரு துண்டையும் ஒரே வேகத்தில், ஒரே சுருதியில், ஒரே பாவத்தில் பாடியதுதான் அங்கே சாதனை என்பது என் கட்சி.

இனி நான் இருந்த அறை. எஃபெக்ட்ஸ் அறை, இப்போது ஃபோலி என்கிறார்கள். ஜாக் ஃபோலி என்பவர் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோவில் 1920-களின் கடைசியில் இருந்து இந்த வேலையைச் செய்தவர். அவர் பெயரே தொழிலின் பெயராகிவிட்டது. வசனத்தையே பிறகு பதிவு செய்கிற ஊரில், நடக்கிற சத்தம், உட்காருகிற சத்தம், டம்ளர் வைக்கிற சத்தம் எல்லாவற்றையும் புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும்.

எங்கள் கூடத்தில் இந்த வேலையைச் செய்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். தொப்பை, மடித்துக் கட்டிய லுங்கி. அறையின் தரையில் நாலைந்து சதுரப் பள்ளங்கள்: ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் ஜல்லி, ஒன்று சிமெண்ட், ஒன்று மரப்பலகை. மூலையில் செருப்பு மலை, அதில் பெரும்பாலும் ஒற்றைச் செருப்புகள். கதாநாயகி மாடிப்படி இறங்குகிற காட்சி என்றால், ஹை ஹீல்ஸை மாட்டிக்கொண்டு, திரையில் அவள் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நடப்பார். காலைப் பார்க்க மாட்டார், இடுப்பைத்தான் பார்ப்பார். "காலைப் பார்த்தா லேட்டாயிடும் தம்பி, கால் போடறதுக்கு முன்னாடி இடுப்பு சொல்லிடும்" என்பார். கொலுசுக்குத் தனி ட்ராக். வளையலுக்குத் தனி ட்ராக். கொலுசைக் காலில் மாட்டாமல் கையில் சுற்றிக்கொண்டு தொடையில் தட்டுவார். பட்டுப்புடவை சரசரப்புக்குப் பழைய பட்டு ஒன்று மடித்து வைத்திருந்தார், அதை வேறு யாரும் தொடக் கூடாது. மழைக்கு என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். எண்ணெய்ச் சட்டியில் வடகம் பொரிகிறதைக் கண்ணை மூடிக் கேட்டுப் பார் என்றார். வீட்டில் கேட்டேன். ஓட்டு வீட்டின் மேல் மழை கொட்டியது.

உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தின் வேலை இதுதான். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) குளியலறைக் கொலையில் கத்தி இறங்கும் சத்தம் ஒரு வகை முலாம்பழத்தைக் குத்தியது. ரத்தம் சாக்லேட் சிரப், கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் பிழைத்தது. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அந்தப் பேச்சைக் கேட்காமல் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிக் காட்டினார். இன்று அந்தக் காட்சியை நினைத்தாலே முதலில் காதில் விழுவது அந்த வயலின் கிறீச்சிடல்தான்.

ஜப்பானில் 'காட்ஸில்லா' (1954) வந்தபோது, இருக்கிற எந்த மிருகத்தின் குரலும் பொருந்தவில்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனைப்படி, டபுள் பேஸ் வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் உருவி, வந்த சத்தத்தை வேகம் குறைத்து ஓட்டினார்கள். அதுதான் அந்தக் கர்ஜனை. 'ஸ்டார் வார்ஸ்' (1977) ஒளிவாளின் ரீங்காரத்தை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் உண்டாக்கியது பழைய புரொஜெக்டர் மோட்டாரின் முனகலையும், டிவிப் பெட்டியின் பக்கத்தில் போன மைக் பிடித்த இரைச்சலையும் கலந்து. வாள் வீசும் சத்தம் வேண்டுமே? அந்த ரீங்காரத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் முன்னால் இன்னொரு மைக்கை வாள் மாதிரி வீசிப் பதிவு செய்தார். 'ஜுராசிக் பார்க்' (1993) டி.ரெக்ஸின் அலறலில் முக்கியமான சரக்கு ஒரு யானைக்குட்டி. வெலாசிராப்டர் என்ற வகை டைனோசர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற மாதிரி வருகிற ஒரு சத்தம், ஆமைகள் இணை சேரும்போது எழுப்புவது. குடும்பத்தோடு பார்த்த படம்.

அதே படத்தில் காருக்குள் தண்ணீர்க் கோப்பையில் வட்ட வட்டமாக அலை எழும், டி.ரெக்ஸ் வருகிறது என்று நமக்குத் தெரியும். அது எந்தக் காலடி அதிர்வாலும் எழவில்லை. எதை எதையோ செய்து பார்த்துத் தோற்ற பிறகு, காரின் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கிடார் தந்தியைக் கட்டி, கீழே படுத்திருந்த ஒருவர் மீட்டினார். மற்ற இடங்களில் பொருளில் இருந்து சத்தம் வரும், இங்கே வாத்தியத்தின் தந்தியில் இருந்து காட்சி வந்தது.

டிவியையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் பின்னால் கேட்கும் கூட்டச் சிரிப்பை 1950-களில் இருந்து பெரும்பாலும் ஒரே மனிதர் 'வாசித்தார்'. சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர். டைப்ரைட்டர் மாதிரி சாவிகள் வைத்த பெட்டி ஒன்றை அவரே செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு சிரிப்பு: குலுங்கிச் சிரிப்பது, ஒரு பெண் தாமதமாகப் புரிந்து சிரிப்பது, அடக்கிக்கொண்டு சிரிப்பது. காலில் ஒரு மிதி, சிரிப்பை மெல்ல அடக்குவதற்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்துவிடாதபடி பெட்டிக்குப் பூட்டு. 'மாஷ்' தொடரை எடுத்தவர்கள் போர்க்கள மருத்துவமனைக் கதைக்குச் சிரிப்பு வேண்டாம் என்று சண்டை போட்டார்கள். சேனல் ஒப்புக்கொள்ளவில்லை, கடைசியில் அறுவை சிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு இருக்காது என்று முடிவானது. பிரிட்டனில் அதே தொடரைச் சிரிப்பே இல்லாமல் ஒளிபரப்பினார்கள். அந்தப் பெட்டியில் பதிவான சிரிப்புகள் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்ப ஓடின. சிரித்தவர்கள் போன பிறகும் சிரிப்பு நின்றபாடில்லை.

இப்போது ஷாகுல் ஹமீது. 'ஊர்வசி' பாடியவர், 'திருடா திருடா'வில் 'ராசாத்தி என் உசுரு' பாடியவர், 1990-களின் கடைசியில் விபத்தில் இறந்துபோனார். 2024-இல் 'லால் சலாம்' படத்தில் 'திமிரி எழுடா' என்ற பாட்டை அவர் பாடியிருக்கிறார், கூடவே 2022-இல் மறைந்த பம்பா பாக்யாவும். செயற்கை நுண்ணறிவை வைத்து அந்தக் குரல்களை உருவாக்கியதாகவும், இரு குடும்பங்களிடமும் அனுமதி கேட்டு உரிய பணம் கொடுத்ததாகவும் ஏ.ஆர்.ரஹ்மான் சொன்னார். அதே 2024 ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரல், சில மாதங்களிலேயே 'கோட்' படத்தில் தம்பி யுவன் இசையில் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டில் வந்தது.

இந்த வித்தை பொதுவாக எப்படி நடக்கிறது என்றால், கணினி ஒன்றும் சும்மா உட்கார்ந்து பாடிவிடுவதில்லை. உயிரோடு இருக்கிற ஒரு பாடகர் மைக் முன்னால் நின்று முழுப் பாட்டையும் பாவத்தோடு பாடுகிறார். அதன் மேல் மறைந்தவரின் குரல் சாயலை ஏற்றுகிறார்கள். கோடம்பாக்கத்துக்கு இது புதிதில்லை, பெரிய பாடகர் வந்து பாடும்வரை இடத்தைப் பிடித்து வைக்க இளம் பாடகர்கள் இப்படித்தான் ட்ராக் பாடிக் கொடுப்பார்கள். பெரியவர் பாடியதும் ட்ராக் பாடியவரின் குரலை டேப்பில் அழித்துவிடுவார்கள். இப்போது அழிப்பதில்லை. அது அடியிலேயே இருக்கிறது, வேறு பெயரில்.